ஷெரீப் வந்த இரண்டு படங்கள்

அந்த இரண்டு படங்களையும் பார்த்தவர்கள் உங்களில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். மேலகரத்தைத் தாண்டிக் குற்றாலம் போகிற சாலையில், வயலை ஒட்டித் தகரக் கூரை போட்ட சினிமாக் கொட்டகை ஒன்று இருந்ததே, அங்கே சாரல் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். அருவிக்கு வருகிற வெளியூர்க்காரர்களை நம்பித்தான் போட்டது. அவர்கள் அருவியை விட்டு வரவே மாட்டார்கள். பார்த்ததெல்லாம் நாம்தான்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இந்தப் பேச்சு வந்தது. ஷெரீப் படம் ஒன்றுதான் வந்தது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இன்னொருவர், அதில் ஷெரீப்புக்கு மீசை உண்டு என்றார். முதல் ஆள், கிடையவே கிடையாது என்றார். மீசையைப் பற்றி இரண்டு பேர் சொன்னதும் சரி. வந்தவை இரண்டு படங்கள். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை. அமெரிக்காவில் உண்மையாகவே இருந்த ஆளாம் அந்த ஷெரீப். எனக்கு நாலு பேர் நடுவில் வாய் வராது. பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம் வந்தது ஓர் ஆடி மாதம். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ஊரெல்லாம் மக்காச்சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வருஷம். கொட்டகைக்குள் நனைந்த குடை நாற்றமும் பீடிப் புகையும் நிறைந்திருந்தன. தகரத்தில் சாரல் விழும் சத்தத்தில் படத்தில் பேசுவது பாதி கேட்காது. கேட்டாலும் நமக்குப் புரியாது. அதற்காகக் கொட்டகைக்காரர் ஒருவரை வைத்திருந்தார். சிலோனில் இருந்து திரும்பி வந்தவர். திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, கையில் தகரக் குழாய் வைத்துக்கொண்டு தமிழில் கதை சொல்லுவார். அவருக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று யாருக்கும் தெரியாது.

"இந்தா வாறாரு பாருங்க நம்ம ஷெரீப்பு! சட்டையில கெடக்கே நட்சத்திரம், அதான் அந்த ஊரு போலீசு பில்லை!" என்று ஆரம்பித்தார்.

அந்த ஷெரீப்புக்கு மீசை கிடையாது. கறுப்பு வெள்ளைப் படம். நெட்டையான ஆள். வெள்ளைச் சட்டை. யார் கண்ணிலும் குத்துகிற மாதிரி பார்க்க மாட்டார். துப்பாக்கியை முதலில் எடுக்க மாட்டார். மாடு திருடுகிற கூட்டத்தில் ஒருவன் தப்பி மலைக்குப் போய்விடுவான். அவனுடைய அம்மா செத்துப்போவாள். அவன் அடக்கத்துக்கு வந்தே தீருவான் என்று ஊருக்கே தெரியும். ஷெரீப் ஒற்றை ஆளாகக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நிற்பார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கூட வந்த கையாள் ஒருவன் தள்ளி நின்று குதிரையைப் பிடித்துக்கொண்டிருப்பான். உள்ளே திருடன் மண் போட்டு முடித்து, அழுது முடித்து, தானாகவே வெளியே வந்து துப்பாக்கியோடு இடுப்பு வாரை அவிழ்த்து ஷெரீப்பிடம் கொடுப்பான்.

"ஆத்தாளுக்கு மண்ணு போட்டுட்டு வரட்டும்னு நிக்காரு! இவருல்லா மனுசன்!" என்று குழாயில் கத்தினார் கதை சொல்லுகிறவர். கொட்டகையே விசில் அடித்தது. அதற்குப் பிறகும் சண்டை எல்லாம் உண்டு. எனக்கு அது ஞாபகம் இல்லை.

அப்பா போலீசில் கான்ஸ்டபிள். எந்த ஸ்டேஷன் என்று எழுத வேண்டாம். அன்று நான் அப்பாவோடுதான் போயிருந்தேன். எங்களுக்கு முன் வரிசையில், நாற்காலியில், அப்பாவின் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்ததும் அவர் நாற்காலிக் கையைத் தட்டி, பின்னால் திரும்பி, "பாத்தியா வே? அதான் போலீசு!" என்றார். அப்பா உட்கார்ந்த இடத்திலேயே முதுகை நிமிர்த்தினார். மேலதிகாரி ஒருவர் அப்பாவிடம் சந்தோஷமாகப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முழுக்கதையும் அப்பாவே சொன்னார். சாதாரணமாக அவர் அதிகம் பேசாதவர். அம்மா முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளக்காரன் ஊருல எழவு வீட்டுக்கும் போலீசு காவலா? நல்ல ஊருதான்" என்று சிரித்தாள்.

"ஏட்டி, அது காவலு இல்ல. மரியாத" என்றார் அப்பா.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான், தம்பி. செங்கோட்டைப் பக்கமிருந்து அரிசியைத் தலைச்சுமையாக மலை தாண்டிக் கேரளத்துக்குக் கொண்டு போகிற கூட்டத்தில் அவரும் போவார். அப்போது அரிசி எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் நல்ல விலை. திரும்பி வரும்போது எனக்கு நேந்திரங்காய் வறுவலும், ஒரு தடவை மூன்று பாட்டரி போடுகிற டார்ச் லைட்டும் கொண்டுவந்தார். போலீஸ்காரர் வீட்டுக்குள்ளேயே வந்து, "அத்தான், நீங்க பிடிக்குததுக்கு முன்னால நானே வந்துட்டேன்" என்று கையை நீட்டுவார். அப்பா, "போலே, கோட்டிக்காரப் பயலே" என்பார்.

படம் வருவதற்கு முந்தின ஆனி மாதம் ஒரு சோதனைச் சாவடியில் கைகலப்பு ஆகி, யாரோ எறிந்த கல்லில் காவல்காரர் ஒருவருக்குக் கண் போய்விட்டது. கல்லை எறிந்தது யார் என்று தெரியவில்லை. பிடிபட்டவர்கள் மாமா பேரைச் சொல்லிவிட்டார்கள். மாமா மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் போய் ஒளிந்துகொண்டார். வீட்டில் மாமா பேச்சு நின்றுபோனது.

அந்த நேரத்தில்தான் தங்கச்சிக்குக் காது குத்த வேண்டி வந்தது. குற்றாலத்தில் வைத்து மொட்டை போட்டு, காது குத்துவதாக நேர்ந்திருந்தார்கள். ஆவணியில் நாள் பார்த்தாயிற்று. அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"எம் பிள்ளை எந்தம்பி மடியில இருந்துதான் காது குத்தணும். அவன் இல்லன்னா குத்தவே வேண்டாம். மூளிக் காதோடவே வளரட்டும்."

"ஏட்டி, அவன் வந்தா பிடிச்சிருவாவ."

"நீங்களும் போலீசுதான?"

அப்பா எழுந்து டூட்டிக்குப் போய்விட்டார். நாலைந்து நாள் யோசித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மெதுவாகச் சொன்னார்:

"வரச் சொல்லு. இன்ஸ்பெக்டரய்யாகிட்ட நான் பேசிட்டேன். காது குத்தி, சாப்பிட்டு முடியுத வரைக்கும் ஒரு ஆளும் கிட்ட வர மாட்டாவ. பொறவு நானே அவனக் கூட்டிட்டுப் போயி ஸ்டேஷன்ல விடுதேன். மேல கை படாது. அய்யா வாக்கு குடுத்திருக்காவ. எத்தன நாளு மலையில கெடப்பான்? கேசு நடக்கட்டும், கல்லு எறிஞ்சது இவன் இல்லன்னா வெளிய வந்துட்டுப் போறான்."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தியமா?" என்றாள். அப்பா தங்கச்சியின் தலையில் கை வைத்தார்.

அன்று அப்பாவுக்கு இருந்ததைவிட இப்போது எனக்கு வயது அதிகம். அந்த இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தட்டியதை வைத்து அப்பா அவரை நம்பினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே படத்தைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே இடத்தில் நெகிழ்ந்துபோனால், இரண்டு பேர் மனசும் ஒன்று என்று அப்பா நினைத்துவிட்டார்.

விறகுக்கு மலை ஏறுகிற ஓர் அக்கா மூலம் சேதி போனது. "அத்தான் சொன்னா சரிதான்" என்று மாமா பதில் சொல்லி அனுப்பினார்.

காது குத்து அன்று காலையில் சாரல் விட்டு விட்டு விழுந்தது. அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. எங்கே பார்த்தாலும் நல்லெண்ணெய் வாசனை, ஈர வேட்டிகள், குரங்குகள். நான் பால் டப்பா மூடியை வெட்டிச் செய்த நட்சத்திரம் ஒன்றைச் சட்டையில் ஊக்கால் குத்திக்கொண்டு திரிந்தேன். எண்ணெய் தேய்க்கிற கல் பக்கம் போனபோது எனக்குத் தெரிந்த ஒருவரைப் பார்த்தேன். அப்பாவோடு ஸ்டேஷனில் இருக்கிற வழுக்கைத் தலை அண்ணாச்சி, துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் மூன்று பேர். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, நம்ம ஸ்டேஷன் அண்ணாச்சி வந்திருக்காவ! எண்ணெ தேய்ச்சுட்டு இருக்காவ!"

அப்பா அந்தப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "சத்தம் போடாதலே. குளிக்க வந்திருப்பாவ" என்றார்.

அப்போது தங்கச்சிக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா இன்னும் மணையில் உட்காரவில்லை. கோயில் சுவர் ஓரமாக நின்று, என் டார்ச் லைட்டுக்குப் பல்பு வாங்கி வந்திருப்பதாக என்னிடம் சைகை காட்டிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார். அவருக்கும் மலை ஏறுகிற பாதைக்கும் நடுவில் யாரும் நிற்கவில்லை.

தங்கச்சியைக் குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, மாமா மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி வலது காதைக் குத்தினார். அவள் வீறிட்டாள். மாமா அவள் வாயில் சர்க்கரையைப் போட்டு, "முடிஞ்சுது, முடிஞ்சுது, இன்னும் ஒண்ணுதான் என் தங்கம்" என்றார். ஆசாரி இடது காதுக்குக் கம்பியைக் கையில் எடுத்தபோது துண்டு கட்டிய நாலு பேரும் எங்கள் கூட்டத்துக்குள் இருந்தார்கள். எண்ணெய்க் கை வழுக்கியதால் மாமாவின் முடியைப் பிடித்தார்கள். தங்கச்சி மடியிலிருந்து உருண்டாள். அம்மா பாய்ந்து எடுத்தாள். தேங்காய், பழம், தாம்பாளம் எல்லாம் கால் பட்டுச் சிதறின. என் நட்சத்திரமும் எங்கோ விழுந்தது. தேடவில்லை. இன்ஸ்பெக்டர் கடை வரிசையிலிருந்து குடையோடு வந்தார்.

"அய்யா, ஒரு காது பாக்கி இருக்கு" என்றார் அப்பா.

"அதுக்கென்ன வே, ஆசாரி இங்கனதான நிக்கான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா ஒரு தடவை திரும்பி, "அத்தான்?" என்றார்.

"போ மாப்ள. ஒண்ணும் ஆவாது. நான் பின்னால வாறேன்."

அந்த வாரமே மாமாவை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். தப்பி ஓடும்போது வாய்க்கால் பாலத்திலிருந்து குதித்துத் தலையில் அடிபட்டது என்றார்கள். குளிப்பாட்டிய பெரியவர் ஒருவர் வெளியே வந்து, உள்ளங்காலில் லத்தித் தடத்தைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடக்கத்தில் அப்பா எல்லோருக்கும் கடைசியாக நடந்து வந்தார். யாரும் அவரோடு சேர்ந்து நடக்கவில்லை.

அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கீழப்பாவூருக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். என் படிப்பு அத்தோடு நின்றது. ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனேன். தங்கச்சியின் இடது காதை அம்மா யாரையும் தொட விடவில்லை.

அப்பா மாதத்துக்கு ஒரு தடவை வருவார். தெருவில் வேப்பமரத்தடியில் நிற்பார். நான் போய்ப் பேசுவேன். அரிசியோ துணியோ கொடுத்துவிட்டுப் போவார். நான் உள்ளே போய்ச் சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வாள். மாதங்கள் போகப்போகச் சொந்தக்காரர்கள் அம்மாவிடம் பேசினார்கள். அவன் என்ன செய்வான், மேலதிகாரி துரோகம் பண்ணினால் கான்ஸ்டபிள் என்ன செய்ய முடியும் என்றார்கள். அப்பா ஊர் நரசிம்மர் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். "ஆளு நிறுத்தியிருக்காவன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் அந்த நிமிசத்துலதான் தெரியும்" என்று சொல்லி அணைத்தார் என்று பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

அடுத்த ஆனியில் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "வாற ஞாயித்துக்கிழம அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு. உள்ள."

ஒரு வருஷத்தில் அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். சாப்பாட்டுக்கு நேரம் கிடந்தது. "நம்ம ஷெரீப்பு படம் வந்திருக்குலே. நோட்டீசு பாத்தேன். அதே ஆளு, புதுப் படம். போயிட்டு வந்துருவோமா?" என்றார். அம்மாவும் சரி என்றாள். பஸ்ஸில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்.

இது கலர்ப் படம். இதில் ஷெரீப்புக்கு மீசை உண்டு. இருமுவார். ஊரெல்லாம் சேறும் ஈயுமாக இருக்கும். முதல் படத்தில் நிறையப் பாட்டு வரும். இதில் காற்றுச் சத்தம்தான். ஆனால் கதை அதுவே. மாடு திருடுகிறவன், மலை, செத்துப்போன அம்மா. கல்லறைத் தோட்டம் வந்ததும் அப்பா என் தொடையில் தட்டி, "இப்ப பாரு" என்றார்.

இந்த ஷெரீப் வேலிக்கு வெளியே நிற்கவில்லை. ஒவ்வொரு கல்லறைக்குப் பின்னாலும் ஓர் ஆளைத் துப்பாக்கியோடு படுக்க வைத்திருந்தார். முதல் படத்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற கையாள் இதிலும் உண்டு. இதில் அவனுக்கு முகம் இருந்தது. திருடனோடு சின்ன வயதில் ஒன்றாகத் திரிந்தவன் அவன். அடக்கத்துக்கு வா, ஒன்றும் ஆகாது என்று அவன்தான் போய்ச் சொல்லியிருப்பான். கூட்டத்தோடு உள்ளே வரும்போது ஒரு கல்லுக்குப் பின்னால் துப்பாக்கி முனையைப் பார்த்துவிடுவான். படுத்திருக்கிறவன் இவனைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். இவன் வாயைத் திறப்பான். நண்பன் நாலடி தூரத்தில் நிற்பான். இவன் திறந்த வாயை மூடிக்கொள்வான். பிறகு சவப்பெட்டியைக் குழியில் இறக்குவது வரைக்கும் அவன் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பார்கள். பிறகு சுடுவார்கள்.

அதுவரை விடாமல் பேசிக்கொண்டிருந்த கதை சொல்லுகிறவர் அந்த இடத்தில் குழாயைக் கீழே வைத்துவிட்டார். குற்றாலத்தில் நடந்தது அவருக்குத் தெரியும். அப்பா உட்கார்ந்திருந்ததும் தெரியும்.

"என்ன வே, வாயில கொழுக்கட்டையா? சொல்லும்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"படத்தப் பாருங்க. எல்லாம் கண்ணுக்குத் தெரியுதுல்லா?" என்றார் அவர், குழாய் இல்லாமலே.

அப்பாவின் கை என் தொடையிலிருந்து எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. படம் முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. நான் அந்தக் கையாளின் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கல்லில் அண்ணாச்சியைப் பார்த்ததும், அப்பாவிடம் ஓடியதும், அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்ததும் அதுவரை எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை. போலீஸ்காரரும் குளிக்க வருவார்கள்தானே என்று இருந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது அப்பா சொன்னார்: "இது பொய்ப் படம்லே. மொதல்ல வந்ததுதான் நெசக் கதை."



வீட்டுக்கு வந்ததும் அப்பா கிணற்றடிக்குக் கால் கழுவப் போனார். உள்ளே சோறு வடித்து, சாம்பாரும் அவியலும் வைத்து, அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள் அம்மா. வாழை இலை நறுக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

"என்ன படம்?"

சொன்னேன். இரண்டு படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னேன். அம்மா எண்ணெயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கேட்டாள்:

"அந்தக் கூட்டாளிக்கு ஆளு படுத்துக் கெடக்கது முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்மா. பாத்துட்டான். அவன் கூட்டாளி அப்ப நின்னுட்டுத்தான் இருந்தான். சொல்லியிருந்தா ஓடியிருப்பான்." பிறகு சொன்னேன்: "நம்ம அண்ணாச்சி அன்னைக்கு எண்ணெ தேய்ச்சுட்டு இருந்தாவல்லா, அப்ப நான் அப்பாட்ட சொன்னேன். அப்பாவும் பாத்தாவ. மாமா அப்ப செவுத்து ஓரமா நின்னுட்டு இருந்தாவ."

நான் அதைச் சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அம்மா தெரிந்துகொள்ள வேண்டியது அது.

அப்பா ஈரக் காலோடு உள்ளே வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் வைத்தாள். சோறு போட்டு, பருப்பு விட்டு, நெய் ஊற்றினாள். அவர் முதல் கவளத்தை உருட்டியபோது, அவியல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த நாலு பேரையும் எந்தம்பி மணையில உக்காருததுக்கு முன்னாலயே பாத்தியளா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தங்கச்சி எதையோ தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்" என்றார்.

கவளத்தை இலையில் வைத்து, "வாக்கு குடுத்திருக்காவளே, முடியுத வரைக்கும் உக்காந்திருப்பாவன்னு நெனச்சேன். ஓடச் சொன்னா என் வேல போயிரும்னும் நெனச்சேன். ரெண்டுந்தான்" என்றார்.

அம்மா அவியலை வைத்தாள். "சாப்பிடுங்க" என்றாள்.

அவர் சாப்பிட்டார். அம்மா பக்கத்திலேயே நின்று பரிமாறினாள். சாம்பாருக்குச் சோறு போட்டாள், ரசத்துக்குப் போட்டாள், அப்பளம் தீர்ந்ததும் இன்னொன்று வைத்தாள். வேண்டாம் என்று அவர் கையை நீட்டவும் இல்லை. கடைசியில் மோர் ஊற்றினாள், உப்பு வைத்தாள். அவர் இலையில் ஒரு பருக்கை மிச்சம் இல்லாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இலையை மூடினார். கை கழுவினார். தங்கச்சியைத் தூக்காமல் தாண்டிப் போனார். நான் வாசல் வரைக்கும் போனேன். இரண்டு மணி பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

அதன் பிறகு அப்பா வரவில்லை. அம்மா வரச் சொல்லவும் இல்லை.